பிஜி ஏழு பேர் ரக்பி அணி எப்படி இவ்வளவு ஜெயித்தது? பிறவி பலம் என்பது பாதிக் கதைகூட இல்லை

உசிலம்பட்டிப் பக்கம் கபடி ஆடும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பிஜி நாட்டு மொத்த ஜனத்தொகையே ஒன்பது லட்சத்துக்குள்ளதான். அவங்க ரக்பியில ரெண்டு ஒலிம்பிக் தங்கம் எடுத்திருக்காங்க. அது பிறவியிலேயே வந்த உடம்பு வாகா, இல்ல வேற ஏதாவது இருக்கா? நம்ம ஊர்ப் பசங்களுக்கு அந்த ஆட்டம் ஒத்துவருமா?"

தம்பி, முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். பிறவி, ரத்தம், பரம்பரை என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. உடம்பு வாகு இல்லை என்று சொல்ல வரவில்லை, டிவியில் பார்த்தாலே தெரிகிறது, ஒவ்வொருவரும் தேக்கு மரம் மாதிரி இருக்கிறார்கள். ஆனால் அதே உடம்பு வாகை வைத்துக்கொண்டுதான் அந்த அணி வருஷக்கணக்காக நியூசிலாந்திடம் உதையும் வாங்கியது. ஊருக்கு ஊர் ஆடிப் பழகிய பழக்கமும் கறாரான பயிற்சியும் ஒன்றுசேர்ந்த காலத்தில்தான் அவர்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. இரண்டில் ஒன்று குறைந்தபோதெல்லாம் கூட்டத்தின் கைதட்டல் இவர்களுக்கு, கோப்பை வேறு யாருக்கோ. எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனத்தொகைக் கணக்கு நீங்கள் சொன்னது சரிதான். 2017 கணக்கெடுப்பில் பிஜியில் 8,84,887 பேர். மதுரை மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 2011-லேயே 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதாவது ஆரப்பாளையத்திலிருந்து தெப்பக்குளம் தாண்டிவரை இருக்கிற நம் ஊரைவிடச் சின்ன ஜனத்தொகை, அதுவும் 300-க்கு மேற்பட்ட தீவுகளில் சிதறிக் கிடக்கிறது. 1956 மெல்போர்னில்தான் அந்த நாடு முதன்முதலாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. அதிலிருந்து 2016 வரை தங்கம் என்ன, வெண்கலம்கூடக் கிடையாது. அறுபது வருஷத்தில் அவர்கள் வாங்கிய முதல் பதக்கமே தங்கம்தான்.

ஆட்டம் எப்படி என்று தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கபடி ஆடுபவருக்கு இது சுலபமாகப் புரியும். களத்தில் ஏழு பேர் (அதனால்தான் இதற்கு செவன்ஸ் என்று பெயர்), வெளியே மாற்று ஆட்கள் ஐந்து பேர், மொத்தம் பன்னிரண்டு. கணக்கு கபடிக்கும் இதற்கும் ஒன்றேதான். பாதிக்கு 7 நிமிடம், நடுவில் 2 நிமிட ஓய்வு, ஆக ஓய்வு நேரம் போக 14 நிமிட ஆட்டம்தான். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ட்ரை, 5 புள்ளி. அதன்பிறகு பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி எழும்பும்போது உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் இன்னும் 2. பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்க வேண்டும். இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், 15 பேர் ஆடுகிற அதே மைதானத்தில்தான் இந்த ஏழு பேரும் ஆடுகிறார்கள். 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். ஒரு ஆளுக்குப் பத்து மீட்டர் அகலம் காவல் காக்க வேண்டும். கபடிக் கோர்ட்டின் மொத்த அகலமே பத்து மீட்டர்தான், அதை ஏழு பேர் சேர்ந்து காக்கிறீர்கள். இங்கே அது ஒற்றை ஆள் பொறுப்பு.

இந்த ஆட்டம் பிறந்தது பிஜியில் இல்லை. 1883-ல் ஸ்காட்லாந்தில் மெல்ரோஸ் என்கிற சின்ன ஊரில், நெட் ஹேக் என்கிற கசாப்புக் கடைக்காரர் கிளப்புக்குக் காசு சேர்க்க யோசித்த வழி. 15 பேர் ஆட்டத்தை ஒரே மத்தியானத்தில் பலமுறை நடத்த முடியாது, ஆளைக் குறைத்து நேரத்தையும் குறைத்தால் நடத்தலாம், அவ்வளவுதான் யோசனை. ஏழு பேர் ஆட்ட உலகக் கோப்பைக்கு மெல்ரோஸ் கோப்பை என்றுதான் பெயர் வைத்தார்கள்.

பிஜிக்கு ரக்பி வந்தது வெள்ளைக்காரர்கள் ஆட்சியில், 1880-களில், சிப்பாய்கள் வழியாக. அங்கே ஆட்டத்தை நடத்துகிற சங்கமான ரக்பி யூனியன் 1913-ல் வந்தது. 1924-ல் அவர்கள் ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சமோவாவுக்குப் போய் ஆடினார்கள், ஆட்டம் காலை 7 மணிக்கு, ஏனென்றால் சமோவாக்காரர்கள் ஆடி முடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். மைதானத்துக்குள்ளேயே ஒரு மரம் நின்றதாம், அதைச் சுற்றித்தான் ஆட்டம். பிஜி 6-0 என்று ஜெயித்தது. 1939-ல் நியூசிலாந்துக்குப் போன பிஜி அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் திரும்பியது. இதெல்லாம் 15 பேர் ஆட்டம். அந்த வடிவத்திலும் பிறகு 1987, 2007, 2023 உலகக் கோப்பைகளில் காலிறுதிவரை போனார்கள், 2007-ல் வேல்ஸை 38-34 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் 15 பேர் ஆட்டத்துக்கு ஸ்க்ரம் (இரண்டு அணியும் தோளோடு தோள் கோத்துத் தள்ளுவது), லைன் அவுட் (ஓரத்திலிருந்து எறிகிற பந்தை எம்பிப் பிடிப்பது) என்று தனித்தனிப் பயிற்சி, ஆள் கூட்டம், பணம் எல்லாம் வேண்டும். ஏழு பேருக்கு ஒரு பந்தும் ஒரு பொட்டலும் போதும். ஏழை நாட்டுக்கு எது ஒத்துவரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த ஊர்ப் பழக்கம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். நம் பக்கம் திருவிழா முடிந்ததும் நினைவுக் கோப்பை கபடி என்று ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட் போட்டு நடத்துவார்கள் இல்லையா, முதல் பரிசு இன்னார் உபயம், இரண்டாம் பரிசு இன்னார் உபயம், சிறந்த ரைடருக்கு மிக்சி என்று மைக்கில் கத்திக்கொண்டே இருப்பார்கள், எங்கிருந்தோ ஒரு டீம் வேனில் வந்து இறங்கும், அதில் ஒரு பையன் யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாது, ஊரே அவனைப் பார்த்து வாயைப் பிளக்கும். பிஜியில் ஏழு பேர் ரக்பி அப்படித்தான் நடக்கிறது. ஊருக்கு ஒரு அணி, சர்ச்சுக்கு ஒரு அணி, போலீஸுக்கு, ராணுவத்துக்கு, சிறைத்துறைக்கு அணி. சனிக்கிழமையானால் ஏதாவது ஒரு ஊரில் டோர்னமென்ட். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஆட்டம் கிடையாது, அன்றைக்கு சர்ச். தலைநகர் சுவாவில் நடக்கும் மாரிஸ்ட் செவன்ஸ் மாதிரிப் பெரிய போட்டிகளில் தேசிய அணிக் கோச் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் பெயர் குறித்துக்கொண்டிருப்பார். கிராமத்துப் பையன் அங்கே இரண்டு நாள் நன்றாக ஆடினால் அடுத்த மாதம் துபாயில் ஆடலாம். இந்த வழி திறந்திருக்கிறது என்று ஒவ்வொரு பையனுக்கும் தெரியும். இதைத்தான் நான் பிறவி பலத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தப் பழக்கத்திலிருந்து வந்த வித்தைதான் ஆஃப்லோட். ஒருவனை டேக்கிள் பண்ணிக் கீழே சாய்க்கும்போது மற்ற நாட்டு ஆட்கள் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். விழுந்தவனைச் சுற்றி இரண்டு பேர் வந்து பந்தைக் காப்பாற்ற வேண்டும், பிறகுதான் ஆட்டம் நகரும். பிஜிக்காரன் விழுகிற நேரத்தில், முழங்கால் தரையைத் தொடுவதற்குள், ஒற்றைக் கையால் பந்தைப் பின்னால் ஒரு தள்ளு தள்ளுவான். அங்கே ஒருவன் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருப்பான். கணக்குப் போட்டுப் பாருங்கள். டேக்கிள் பண்ணப் போன எதிரணி ஆள் தரையில் கிடக்கிறான், உதவிக்கு வந்த இன்னொருவனும் அங்கேயே நிற்கிறான், மிச்சம் ஐந்து பேர் 70 மீட்டரைக் காக்க வேண்டும். பிஜியில் விழுந்தவன் ஒருவன்தான், ஆறு பேர் ஓடுகிறார்கள். ஒரு ஆஃப்லோட் சரியாக விழுந்தால் எதிரணி முதுகைக் காட்டித் துரத்த வேண்டியதுதான். இதற்குக் கை பெரிதாக இருப்பதைவிட, விழுகிறவனுக்குப் பின்னால் ஆள் வருவான் என்கிற நம்பிக்கைதான் வேண்டும். அந்த நம்பிக்கை பத்து வயதிலிருந்து ஒரே ஊரில் சேர்ந்து ஆடுகிறவர்களுக்குத் தானாக வரும். பந்து வாங்க வழியில்லாமல் பிளாஸ்டிக் பாட்டிலையும் சுருட்டிய துணியையும் வைத்து ஆடிப் பழகிய பிள்ளைகள் இவர்கள்.

ஆனால் இதிலேயே பலவீனமும் இருக்கிறது. பத்து ஆஃப்லோடில் மூன்று கைநழுவினால் பந்து எதிரிக்குப் போய்விடும். இந்த ஆட்டத்தில் புள்ளி எடுத்த அணியே மறுபடி உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும், அதனால் எம்பிப் பந்தைப் பிடிக்கத் தெரிந்தவன் கை ஓங்கும், அதையும் பல காலம் இவர்கள் சரியாகப் பழகவில்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் ஆட வேண்டும், கடைசி ஆட்டத்தில் மூச்சு நின்றுவிடும். நியூசிலாந்துக் கோச் கோர்டன் டீட்ஜென்ஸ் இதைத்தான் குறிவைத்து அடித்தார். அவர் அணிப் பையன்களை வாந்தி எடுக்கிற அளவுக்கு ஓடவிடுபவர் என்று பேர். பிஜியின் வித்தையைத் தடுக்க முடியாவிட்டாலும், பதின்மூன்றாவது நிமிடத்தில் யார் கால் ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

வரலாற்றைப் பார்த்தால் இது அப்படியே தெரியும். ஹாங்காங் செவன்ஸ் 1976-ல் தொடங்கியது, 1977-லேயே பிஜி ஜெயித்துவிட்டது, 1978-லும் ஜெயித்தது. 1990, 91, 92 என்று ஹாட்ரிக். இந்தக் காலத்து நாயகன் வைசாலே செரெவி. ஆள் குட்டை, அந்தத் தேக்கு மரங்களுக்கு நடுவே ஒரு முருங்கைக் குச்சி. ஆனால் பந்து அவர் கையில் வந்தால் எதிரணி ஆள் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்பான். நிற்பது போல நின்று, கொடுப்பது போலக் காட்டி, கடைசியில் தானே சிரித்துக்கொண்டு போய்விடுவார். 1997 செவன்ஸ் உலகக் கோப்பை ஹாங்காங்கில், இறுதியில் தென்னாப்பிரிக்கா, 24-21 என்று பிஜி ஜெயித்தது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் செரெவி. 2005-ல் மறுபடி ஹாங்காங், மறுபடி உலகக் கோப்பை, இந்த முறை நியூசிலாந்தை 29-19. அப்போது செரெவிக்கு 36 வயது. நம் ஊரில் அந்த வயதில் "அந்தக் காலத்துல நான்..." என்று ஆரம்பித்திருப்பார்கள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1999-2000-ல் உலக செவன்ஸ் தொடர் தொடங்கியது. வருஷம் முழுக்க நாடு நாடாகப் போய் ஆட வேண்டும், எல்லாப் புள்ளியும் கூட்டி யார் முதலிடம் என்று முடிவு. முதல் ஆறு தொடரும் நியூசிலாந்துக்கே. ஒரு வாரக் கடைசியில் ஹாங்காங்கில் எல்லோரையும் மிரட்டுகிற பிஜியால், வருஷம் முழுக்க அதே தரத்தில் ஆட முடியவில்லை. 2005-06-ல் செரெவி ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் இருந்து முதன்முறையாக அந்தத் தொடரை வாங்கிக் கொடுத்தார். அப்புறம் அடுத்த தொடர் ஜெயிக்க 2015 ஆகிவிட்டது. ஒன்பது வருஷம். உடம்பு வாகு இந்த ஒன்பது வருஷமும் எங்கேயும் போய்விடவில்லை, அதை நினைவில் வையுங்கள்.

நடுவில் அரசியலும் விளையாடியது. 2006-ல் ராணுவப் புரட்சி, 2009-ல் காமன்வெல்த்திலிருந்து பிஜியை நிறுத்திவைத்தார்கள். அதனால் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு அவர்கள் வரவே முடியவில்லை, 2014 கிளாஸ்கோவுக்கும் இல்லை. இந்தியாவில் அந்த அணியை நேரில் பார்க்கிற ஒரே பெரிய வாய்ப்பு அப்படிப் போனது. இதில் இன்னொரு வேடிக்கை: ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய இந்த அணி காமன்வெல்த்தில் இதுவரை ஒரு தங்கம்கூட வாங்கியதில்லை. 1998, 2002, 2018-ல் வெள்ளி, மூன்றிலும் இறுதியில் தோற்றது நியூசிலாந்திடம். 2022 பர்மிங்காமில் தென்னாப்பிரிக்காவிடம் 31-7. வினாடிவினாவில் கேட்டால் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள்.

சரி, இப்போது பென் ரையன். இங்கிலாந்து அணிக்குக் கோச்சாக இருந்து விலகியவர். 2013-ல் பிஜியிலிருந்து போன் வருகிறது, வேலை உங்களுக்குத்தான், யோசிக்க இருபது நிமிடம். ஒத்துக்கொண்டு போய் இறங்கினால் யூனியனிடம் காசு இல்லை, முதல் சில மாதம் சம்பளமே கிடையாது. நம் ஆட்கள் யாராவது என்றால் அடுத்த ஃபிளைட்டில் திரும்பியிருப்பார்கள். அவர் இருந்தார். ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்த்தால் வித்தை கொட்டிக் கிடக்கிறது, ஃபிட்னஸ் சர்வதேசத் தரத்தில் இல்லை. ஹோட்டலில் பெட்டி தூக்குபவர், சிறைக் காவலர், போலீஸ்காரர் என்று வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிறவர்கள். முகாமுக்கு வரும் நேரம், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தார். எவ்வளவு பெரிய ஸ்டாராக இருந்தாலும் ஓட்டத்தில் பின்தங்கினால் அணியில் இடம் இல்லை.

அப்புறம் அந்த மணல்மேடு. சிங்கடோகா என்கிற இடத்தில் கடலோரமாக மணல் குன்றுகள், சில இடங்களில் 60 மீட்டர் உயரம்கூட இருக்கும். அதில் அடியிலிருந்து உச்சிக்கு ஓட வேண்டும், இறங்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். ஒரு அடி ஏறினால் கால் அரை அடி சறுக்கும். உச்சிக்குப் போனவன் கையை ஊன்றிக்கொண்டு நிற்பான், கீழேயிருந்து விசில் கேட்கும், மறுபடி இறங்கு. ஜிம்முக்குக் காசு இல்லாத நாட்டில் இதைவிட நல்ல ஜிம் கிடைக்காது. இந்த இடத்தைக் கண்டுபிடித்தது ரையன் இல்லை, அவருக்கு முன்பே அங்கே ஓடியிருக்கிறார்கள், அவர் செய்தது அதை வாரம் தவறாமல் நடக்கிற காரியமாக மாற்றியது. அதேசமயம் அவர் செய்யாமல் விட்டதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஆஃப்லோடை நிறுத்தச் சொல்லவில்லை. இங்கிலாந்துப் பாடத்தைக் கொண்டுவந்து தலையில் கட்டவில்லை. ஆட்டத்துக்கு முன் ஜெபம், பிறகு வட்டமாக நின்று பாட்டு, எதையும் தொடவில்லை. நம் பக்கம் வெளியூர்க் கோச் வந்தால் முதல் வேலையாகப் பையன் இயல்பாக ஆடுகிற ஆட்டத்தைத்தான் மாற்றுவார், பல திறமைகள் அப்படி வீணாகப் போயிருக்கின்றன.

விளைவு என்ன? 2014-15 தொடர் பிஜிக்கு. 2015-16 தொடரும் பிஜிக்கு. ஹாங்காங்கில் 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை. அப்புறம் ரியோ.

2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் பிஜியைப் புரட்டிப்போட்டது, 44 பேர் இறந்தார்கள், ஊர் ஊராக வீடுகள் போயின. ஆட்டக்காரர்கள் பலருக்கும் சொந்தக்காரர்கள் அங்கே கூரை இல்லாமல் இருந்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் ஒலிம்பிக். ரக்பி ஒலிம்பிக்கில் கடைசியாக இருந்தது 1924-ல், 92 வருஷம் கழித்து ஏழு பேர் வடிவத்தில் திரும்பி வந்தது. முதல் சுற்றில் பிஜி ஒன்றும் அட்டகாசமாக ஆடவில்லை, அர்ஜென்டினாவை 21-14, அமெரிக்காவை 24-19 என்று மூச்சுத் திணறித்தான் தாண்டியது. காலிறுதியில் அதே டீட்ஜென்ஸ், அதே நியூசிலாந்து. 12-7. கடைசி நிமிடங்களில் பிஜிக்காரர்கள் கால் தளரவில்லை, மணலில் ஓடியதற்குச் சம்பளம் அன்றைக்குக் கிடைத்தது. அரையிறுதியில் ஜப்பானை 20-5.

ஆகஸ்ட் 11, இறுதி ஆட்டம், எதிரே கிரேட் பிரிட்டன். இவர்களை ஆண்ட நாடு. முதல் நிமிடத்திலேயே கேப்டன் ஓசியா கோலினிசாவ் ஓரமாக ஓடி ட்ரை வைத்தார். பாதி ஆட்டத்தில் 29-0. முடிவில் 43-7, பிஜிக்கு ஏழு ட்ரை, ஏழும் வெவ்வேறு ஆட்கள் வைத்தது. ஒலிம்பிக் இறுதியில் இப்படி ஒரு ஆட்டத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை, பிரிட்டன்காரர்கள் பாதி நேரம் பந்தையே தொடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என் கண்ணில் நிற்கிறது. பதக்கம் போட வந்தவர் பிரிட்டிஷ் இளவரசி ஆன். ஒவ்வொரு ஆட்டக்காரராக அவர் முன்னால் மண்டியிட்டுப் பதக்கம் வாங்கிக் கையைக் குவித்து மெதுவாகத் தட்டினார்கள். அது அவர்கள் ஊரில் பெரியவர்களிடம் எதையாவது வாங்கும்போது செய்கிற மரியாதை. பார்த்த சிலர் அடிமைப் புத்தி என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, 43-7 என்று அடித்துவிட்டு மண்டியிடுவதற்கும் தோற்றுவிட்டு மண்டியிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நாடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அணியின் வெற்றியைக் கொண்டாட அரசு விடுமுறை விட்டார்கள். ரிசர்வ் வங்கி 7 டாலர் நோட்டே அச்சடித்தது, அப்படி ஒரு நோட்டு எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு பக்கம் கோலினிசாவ், மறுபக்கம் அணியும் ரையனும். ரையனுக்கு ஒரு பிஜிப் பட்டப்பெயரும் மூன்று ஏக்கர் நிலமும் கொடுத்தார்கள். அந்த நாட்டில் நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடி மக்களுக்குப் பொதுவில் சொந்தம், வெளியாளுக்குக் கிடைப்பது லேசான காரியம் இல்லை.

ரையன் போனதும் வேல்ஸ்காரர் காரெத் பேபர் வந்தார். 2018-19 தொடரைக் கடைசிப் போட்டியில், பாரிஸில் அமெரிக்காவை அரையிறுதியில் வீழ்த்தி வாங்கினார்கள். டோக்கியோ ஒலிம்பிக் கொரோனாவால் 2021-க்குத் தள்ளிப்போனது. இந்த முறை கஷ்டம் வேறு மாதிரி. முகாமுக்குள் போனவர்கள் ஊரடங்கில் மாட்டிக்கொண்டார்கள், பல மாதம் வீட்டு முகம் பார்க்கவில்லை, ஆஸ்திரேலியாவில் பயிற்சி எடுத்தார்கள். டோக்கியோவுக்குப் போனது மீன் ஏற்றுகிற சரக்கு விமானத்தில். முதல் ஆட்டத்தில் ஜப்பான் கிட்டத்தட்டக் கவிழ்த்துவிட்டது, 24-19. அதன்பிறகு இறுக்கிவிட்டார்கள். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 19-0 என்று ஒரு புள்ளி எடுக்கவிடாமல் அடித்த ஆட்டத்தைப் பாருங்கள், பிஜி என்றால் தாக்குதல் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு அது பதில். இறுதியில் நியூசிலாந்தை 27-12. கேப்டன் ஜெரி துவாய். சுவா பக்கத்தில் ஏழ்மையில் வளர்ந்தவர், ஆளும் செரெவி மாதிரியே குட்டை. ரியோ, டோக்கியோ இரண்டு தங்கமும் அவரிடம் இருக்கிறது. அதே டோக்கியோவில் பெண்கள் அணி பிரிட்டனை 21-12 என்று வென்று வெண்கலம் வாங்கியது, அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

2022-ல் கேப் டவுனில் உலகக் கோப்பை மூன்றாவது முறை, நியூசிலாந்து 29-12. அப்போது கோச் பென் காலிங்ஸ், ரையன் மாதிரி அவரும் இங்கிலாந்துக்காரர்.

அடுத்தது 2024 பாரிஸ் ஒலிம்பிக். கோச் யார் தெரியுமா? ரியோவில் கேப்டனாக இருந்த அதே கோலினிசாவ். முதல் சுற்றில் பிரான்ஸை 19-12 என்று ஜெயித்தார்கள், அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை 31-7. இறுதியில் மறுபடி பிரான்ஸ், பாதியில் 7-7. இடைவேளைக்குப் பிறகு அன்டோயின் டியூபோன் உள்ளே வந்தார். 15 பேர் ஆட்டத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர், இந்த ஒலிம்பிக்குக்காகவே ஏழு பேர் ஆட்டத்துக்கு மாறி வந்தவர். வந்ததும் ஓரத்தில் பிய்த்துக்கொண்டு ஓடி ஒரு ட்ரைக்கு வழி பண்ணினார், அப்புறம் தானே இரண்டு வைத்தார். 28-7. ஒலிம்பிக்கில் தொடர்ந்து 17 ஆட்டம் ஜெயித்திருந்த பிஜி பதினெட்டாவதில் தோற்றது. வெள்ளி. எல்லோரும் டியூபோனைத்தான் பேசுகிறார்கள், நியாயம்தான், ஆனால் அன்றைக்கு பிரான்ஸ் பிஜிக்குப் பந்தே தரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஆஃப்லோட் பண்ணக் கையில் முதலில் பந்து வேண்டுமே.

இதில் பணத்தின் பங்கும் இருக்கிறது. ரியோவில் ஆடிய நாகரவா, துய்சோவா, மாதா மாதிரி ஆட்களை ஐரோப்பியக் கிளப்புகள் அள்ளிக்கொண்டு போயின. டோக்கியோவில் கலக்கிய ராத்ராத்ரா ஆஸ்திரேலியா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று ஏற்கெனவே சம்பாதித்தவர். குடும்பமே ஒருவன் சம்பளத்தை நம்பி இருக்கும்போது போகாதே என்று யார் சொல்வது? 2022-லிருந்து சூப்பர் ரக்பி லீக்கில் பிஜியன் த்ருவா என்று சொந்த 15 பேர் அணி இருக்கிறது, நாட்டிலேயே இருந்து சம்பளம் வாங்க அது ஒரு வழி, ஆனால் அதுவும் செவன்ஸிலிருந்து ஆளை இழுக்கிறது. ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் கிட்டத்தட்டப் புது அணியைக் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டுகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம், அதற்குக் காரணம் மறுபடியும் அந்த ஊர் டோர்னமென்ட்கள்தான்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கதை முழுசாகாது. பிஜி என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது கரும்புத் தோட்டம். 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து 60,000 பேருக்கு மேல் கூலி ஒப்பந்தத்தில் கொண்டுபோனார்கள், 1903-லிருந்து மதராஸ் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் போனார்கள். நாண்டி ஊரில் நம் கோயில் போலவே கோபுரம் வைத்த முருகன் கோயில் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே மூன்றில் ஒருவர் இந்திய வம்சாவளி. ஆனால் ரக்பி அணியைப் பார்த்தால் கிட்டத்தட்ட முழுக்கப் பூர்வகுடிப் பையன்கள்தான். இந்திய வம்சாவளியினர் கால்பந்துப் பக்கம் போய்விட்டார்கள். ஐ.எஸ்.எல். பார்ப்பவர்களுக்கு ராய் கிருஷ்ணாவைத் தெரியும், அவர் அந்த மரபில் வந்தவர். ஏன் இந்தப் பிரிவு? வெள்ளைக்காரர்கள் தோட்டக் கூலியை ஒரு பக்கமும் ஊர் மக்களை ஒரு பக்கமும் வைத்திருந்தார்கள், ஆட்டமும் அப்படியே பிரிந்தது. ஒரே நாடுதான், ஆனால் எந்த ஊர்ப் பொட்டலில் எந்தப் பந்து கிடந்ததோ அந்த ஆட்டம் வந்தது. பிறவி என்கிற வாதத்தை நான் ஏன் நம்புவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, நம் பசங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டீர்கள். வரும், ஆனால் கபடியிலிருந்து எது உதவும் எது உதவாது என்று தெரிந்துகொண்டு வாருங்கள். ஒரு கண்ணில் ஆளையும் மறு கண்ணில் பக்கத்து ஆளையும் பார்க்கிற பழக்கம் உதவும். திடீரென்று திரும்புகிற கால் உதவும். அடிபட்டு எழுகிற பழக்கம் உதவும். கணுக்காலுக்குப் பாய்கிற டேக்கிள்கூடக் கொஞ்சம் உதவும், ஆனால் இங்கே கையால் ஆளைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், வெறும் தள்ளு கூடாது, சாய்த்த உடனே விட்டுவிட வேண்டும். கபடியில் பிடித்தால் விடாதே என்று சொல்லியே வளர்த்திருப்பார்கள், அந்தப் பழக்கத்தோடு வந்தால் இங்கே பெனால்டிதான். தோளுக்கு மேல் கை போனால் பெனால்டி, மோசமாக இருந்தால் அட்டை, மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம் வெளியே, 14 நிமிட ஆட்டத்தில் அது பெரிய தண்டனை. அப்புறம் 100 மீட்டர் ஓட்டம். கபடிப் பையன்களுக்கு வெடிப்பு இருக்கும், தூரம் இருக்காது, அதற்கு ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலையில் ஓடித்தான் ஆக வேண்டும்.

மதுரையில் ரக்பிப் பந்தைப் பார்ப்பதே அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2025-ல் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது, ஏழு பேர் ஆட்டம்தான், ஆறு அணிகள், வெளிநாட்டு ஆட்களும் நம் ஆட்களும் கலந்து. முதல் கோப்பையை வாங்கியது சென்னை புல்ஸ். ஆட்டக்காரர்களை எங்கிருந்து எடுப்பது என்று தேடுகிற காலம் இது, உங்களை மாதிரி இருபது வயதுக்குள் இருக்கிறவர்களுக்கு நல்ல சமயம். டேக்கிளை யூடியூப் பார்த்துப் பழகாதீர்கள், கழுத்து போய்விடும். முதலில், டேக்கிளுக்குப் பதிலாகக் கையால் தொட்டாலே போதும் என்கிற டச் ரக்பி ஆடுங்கள், ஓடிக்கொண்டே பின்னால் கொடுக்கிற பாஸ் கைக்கு வரட்டும். டேக்கிளுக்குச் சென்னையில் கிளப் கோச் யாரிடமாவது நேரில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் மூன்று ஆட்டம் பாருங்கள். ரியோ இறுதி, டோக்கியோவில் ஆஸ்திரேலியாவோடு காலிறுதி, பாரிஸ் இறுதியின் இரண்டாம் பாதி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள், முதல் முறை வேடிக்கை பார்க்க, இரண்டாம் முறை பந்து வைத்திருப்பவனை விட்டுவிட்டு அவனுக்கு ஐந்தடி பின்னால் வருகிறவன் எப்போது ஓட ஆரம்பிக்கிறான் என்று மட்டும் கவனிக்க. பாரிஸ் ஆட்டத்தில் அந்த ஆள் வரத் தாமதமாகிற இடங்கள் உங்கள் கண்ணுக்கே தெரியும்.